சோக் இழுத்தால்தான் ஓடும் எஞ்சின்



கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மார்கழியும் தையும் மாமரங்கள் பூக்கும் மாதங்கள். காவேரிப்பட்டினத்தைச் சுற்றியுள்ள தோப்புகளில் பெங்களூரா முதலிய மரங்கள் பூங்கொத்துகளைத் தாங்கி நிற்கும் அந்நாட்களில், தத்துப்பூச்சியும் உடன் வந்து சேரும். அது பூங்கொத்தின் சாற்றை உறிஞ்சிவிட்டால் பூ வாடி உதிரும், பிஞ்சு நிற்காது. எனவே, மருந்து தெளிக்க வேண்டிய நாள் என்று ஒன்று வந்துவிட்டால், அந்த நாளில் தெளித்தே ஆக வேண்டும். அன்றைக்கென்று பார்த்து, சென்ற பருவத்துக்குப் பிறகு மூலையில் கிடந்த விசைத்தெளிப்பானைத் தூக்கி வந்து கயிற்றை இழுத்தால், அது எளிதில் உயிர் பெறுவதில்லை. சோக்கை இழுத்து வைத்தால் ஓடுகிறது. சோக்கைத் தள்ளிவிட்டால் இரண்டு முறை இருமிவிட்டு நின்றுவிடுகிறது.

விசைத்தெளிப்பானுக்கு மட்டும் உரிய நோய் அன்று இது. களைவெட்டும் கருவி, ஆற்றோரத்தில் நீர் இறைக்கும் சிறு பெட்ரோல் பம்பு, பால் கேன்களைச் சுமந்து செல்லும் பழைய மொபெட் ஆகிய யாவற்றிலும் இதைக் காணலாம். இந்நிலை வந்தவுடன் நம்மில் பலர் செய்யும் வேலையும் ஒன்றேதான். சோக்கைப் பாதி இழுத்த நிலையில் ஒரு கம்பியாலோ ரப்பர் வளையத்தாலோ கட்டிவிட்டு, வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். அன்றைய வேலை முடிந்துவிடுகிறது. ஆனால், எஞ்சினின் ஆயுளும் அதனுடன் முடியத் தொடங்குகிறது. சோக் இல்லாமல் ஓட மறுக்கும் எஞ்சின் நமக்கு என்ன சொல்கிறது, அதன் காரணத்தை எந்த வரிசையில் தேட வேண்டும் என்பவற்றை இன்று விளக்க விரும்புகிறேன்.

சிறிய எஞ்சின் நம் மாவட்டத்துக்கு அந்நியமான பொருள் அன்று. 1980ஆம் ஆண்டில் ஓசூரில் டி.வி.எஸ். 50 என்னும் மொபெட் உற்பத்தியாகி வெளிவந்தது. இருவர் அமர்ந்து செல்லக்கூடிய அந்தச் சிறு வண்டியின் எஞ்சின் 50 கன சென்டிமீட்டர் அளவே உடையது. அதன் வழியாகத்தான் தமிழ்நாட்டின் எண்ணற்ற சிற்றூர்களில் கார்புரேட்டர், பிளக், சோக் என்னும் சொற்கள் வீட்டுச் சொற்களாயின. 2020 ஏப்ரல் முதல் நாளில் பி.எஸ். 6 என்னும் மாசுக் கட்டுப்பாட்டு விதி நாடெங்கும் நடைமுறைக்கு வந்ததையொட்டி, புதிய இருசக்கர வண்டிகளில் பெரும்பாலும் கார்புரேட்டர் நீங்கி, மின்னணு முறையில் எரிபொருளைத் தெளிக்கும் அமைப்பு இடம்பெற்றது. சோக் பிடியும் அவற்றிலிருந்து மறைந்தது. ஆயினும், தோட்டக் கருவிகளிலும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய வண்டிகளிலும் கார்புரேட்டரின் ஆட்சி நீடிக்கிறது. ஆகவே, அதன் இயல்பை அறிந்துகொள்வது இன்றும் பயனுடைய கல்வியே.

பெட்ரோல் தானாக எரிவதில்லை; காற்றுடன் கலந்தே எரிகிறது. எடை அளவில் 1 பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். காற்று மிக மெல்லிய பொருளாதலால், இதைக் கன அளவில் சொன்னால் வியப்பாக இருக்கும். 1 லிட்டர் பெட்ரோல் எரிவதற்கு ஏறக்குறைய 9,000 லிட்டர் காற்றுத் தேவைப்படுகிறது. தெருவுக்குக் குடிநீர் கொண்டுவரும் ஒரு லாரித் தொட்டி கொள்ளும் அளவு அது. இவ்வளவு காற்றில் அவ்வளவு சிறிய பெட்ரோலை, அளவு தவறாமல், ஒவ்வொரு நொடியும் கலந்து கொடுப்பதே கார்புரேட்டரின் கடமை. பெட்ரோலின் பங்கு குறைந்த கலவையை மெலிந்த கலவை என்றும், மிகுந்த கலவையைச் செறிந்த கலவை என்றும் சொல்வோம்.

கார்புரேட்டர் இதை எப்படிச் செய்கிறது? அதன் நடுவே காற்றுச் செல்லும் குழல் ஓரிடத்தில் இடுப்புப் போல் குறுகியிருக்கிறது. குறுகிய இடத்தில் காற்று விரைந்து ஓடுகிறது. விரைந்து ஓடும் இடத்தில் அதன் அழுத்தம் குறைகிறது. இந்த உறவைத் தம் நூலில் 1738இல் எடுத்துரைத்தவர் டேனியல் பெர்னூலி. குறுகிய குழலில் பாயும் நீரைப் பற்றி ஆராய்ந்து 1797இல் எழுதியவர் இத்தாலி நாட்டு வெந்தூரி. அக்குறுகிய கழுத்தில் ஜெட் எனப்படும் நுண்துளையின் முனை இருக்கிறது. கீழே சிறு கிண்ணத்தில் பெட்ரோல் நிற்கிறது. கழுத்தில் அழுத்தம் குறைவு; கிண்ணத்தின் மேலோ வெளிக்காற்றின் முழு அழுத்தம். எனவே, வெளிக்காற்று பெட்ரோலை ஜெட்டின் வழியே மேலே தள்ளுகிறது. அது காற்றோட்டத்தில் விழுந்து பனிபோல் சிதறுகிறது. 1893ஆம் ஆண்டில் ஜெர்மனியில் வில்ஹெல்ம் மைபாக்கும், ஹங்கேரியில் டோனாட் பாங்கி, யானோஷ் சோங்கா ஆகிய இருவரும் இவ்வாறு பெட்ரோலைச் சிதறச் செய்யும் கார்புரேட்டரை உருவாக்கினார்கள்.

பள்ளிப் பிள்ளைகள்கூட இதைச் செய்து பார்க்கலாம். ஒரு குவளை நீரில் ஓர் உறிஞ்சுகுழலை நிறுத்தி, அதன் மேல் முனைக்குக் குறுக்கே மற்றொரு குழலால் வேகமாக ஊதினால், நீர் மேலேறித் துளிகளாகத் தெறிக்கும். முற்காலத்தில் வீடுகளில் கொசு மருந்து அடித்த கைப்பம்பு இம்முறையில்தான் வேலை செய்தது. நாம் முதுகில் சுமக்கும் விசைத்தெளிப்பானின் குழாயிலும் விரையும் காற்றே மருந்து நீரைச் சிதறடிக்கிறது.

இனி சோக்குக்கு வருவோம். குளிர்ந்த எஞ்சினில் பெட்ரோல் முழுவதும் ஆவியாவதில்லை. ஒரு பகுதி குளிர்ந்த உலோகச் சுவரில் ஈரமாகப் படிந்துவிடும். எஞ்சிய ஆவி எரிவதற்குப் போதாது. அந்தக் குறையை ஈடுசெய்யச் சிறிது நேரம் மிகுதியான பெட்ரோல் வேண்டும். சோக்கை இழுத்தால், காற்று நுழையும் வாயை ஒரு தகடு மூடுகிறது. காற்று குறைகிறது, உள்ளே அழுத்தம் மேலும் தாழ்வதால் பெட்ரோல் கூடுதலாக ஏறுகிறது. சில வண்டிகளில் தகடு இல்லாமல், பெட்ரோல் கூடுதலாக வர ஒரு தனி வழி திறக்கும்; பயன் ஒன்றே. மார்கழி மாதத்து விடியற்காலையில் ஓசூர்ப் பக்கத்துக் குளிரில் ஓரிரு நிமிடம் சோக் தேவைப்பட்டால் அது இயல்பு. எஞ்சின் சூடேறிய பின்னும் சோக் வேண்டும் என்று கேட்டால்தான் அது நோய்.

சோக் செய்யும் வேலை கலவையைச் செறிவாக்குவது ஒன்றே. சோக்கினால் ஓர் எஞ்சின் நலமடைகிறது என்றால், சோக் இல்லாதபோது அதன் கலவை மெலிந்திருக்கிறது என்பது பொருள். மெலிவதற்கு இரண்டே வழிகள் உள்ளன. பெட்ரோல் குறைவாக வர வேண்டும். அல்லது, கணக்கில் வராத காற்று எங்கோ ஓர் இடுக்கின் வழியே நுழைய வேண்டும். நாம் தேட வேண்டியவை இவ்விரண்டே. பிளக்கை மாற்றியும் காயிலை மாற்றியும் காசைச் செலவிடுவதற்கு முன்னால் இந்த ஒரு தெளிவு நம் மனத்தில் இருக்க வேண்டும்.

கலவை மெலிந்திருந்தால் என்ன கேடு, ஓடினால் போதாதா என்று சிலர் கேட்கலாம். பெரும்பாலான தெளிப்பான்களிலும் பழைய மொபெட்டுகளிலும் இருப்பது டூ ஸ்ட்ரோக் வகை எஞ்சின். அதற்கு உயவு எண்ணெய் தனியாக ஊற்றப்படுவதில்லை. பெட்ரோலுடன் கலந்தே செல்கிறது. ஆகவே, பெட்ரோல் குறைந்தால் எண்ணெயும் அதே அளவு குறைகிறது. மெலிந்த கலவையில் ஓடும் எஞ்சினில் வெப்பமும் மிகுகிறது. எண்ணெய் குறைந்து வெப்பம் மிகுந்தால், பிஸ்டன் விரிந்து சிலிண்டர்ச் சுவரை உராய்ந்து பிடித்துக்கொள்ளும். முழு வேகத்தில், முதுகில் மருந்துச் சுமையுடன், தோப்பின் நடுவே அது நிகழும்.

சோக்கைப் பாதி இழுத்துக் கட்டிவிட்டால் இந்த ஆபத்து நீங்கிவிடுமா? நீங்காது. மெதுவாக ஓடும்போது சோக் குறையை மறைக்கும். முழு வேகத்தில் அதே குறை வேறோர் அளவில் இருக்கும். ஒரு நிலையில் மெலிவும் மற்றொரு நிலையில் அளவுக்கு மீறிய செறிவும் மாறி மாறி வரும். செறிந்தபோது பிளக்கில் கரி படியும், புகை மிகும், பெட்ரோல் வீணாகும். எண்ணெய் தனியாக உள்ள ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினில், எரியாத பெட்ரோல் சிலிண்டர்ச் சுவரில் உள்ள எண்ணெய்ப் பூச்சைக் கழுவிக் கீழே இறங்கி, எண்ணெயை நீர்த்துப் போகச் செய்யும். ஜெட்டைத் தூய்மை செய்வது சிறு செலவு. பிஸ்டனையும் சிலிண்டரையும் மாற்றுவது ஒரு பருவத்தின் வருவாயைக் கடித்துக்கொள்ளும் செலவு.

காரணத்தைத் தேடப் புகுமுன் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. என்னிடம் படித்த மாணவர் ஒருவர் எங்கள் பக்கத்தில் பட்டறை வைத்திருக்கிறார். விவசாயி ஒருவர் தெளிப்பானை இறக்கி வைத்து, "தம்பி, பிளக் புதுசு போட்டாச்சு, அப்படியும் சோக் இல்லாம ஓட மாட்டேங்குது" என்றார். அவர் உடனே திருப்புளியை எடுக்கவில்லை. "கடைசியா எப்போ ஓட்டினீங்க அண்ணா? அப்போ டேங்கில் இருந்த பெட்ரோலை வடிச்சீங்களா? நடுவில் யாராவது கார்புரேட்டரைத் திறந்தாங்களா?" என்று கேட்டார். சென்ற தை மாதத்துக்குப் பிறகு ஓட்டவே இல்லை, பெட்ரோலும் அதே பெட்ரோல் என்ற விடை வந்ததும், நோய் இருக்கும் இடம் அவருக்குப் பாதி தெரிந்துவிட்டது. நாடி பிடிக்குமுன் நோயாளியின் வரலாற்றைக் கேட்கும் மருத்துவரின் முறை இது.

மாதக்கணக்கில் நின்ற பெட்ரோல் புதிய பெட்ரோல் அன்று. அதன் மெல்லிய பகுதிகள் ஆவியாகிவிடுகின்றன; எஞ்சியது காற்றுடன் கூடிப் பிசின் போன்ற பொருளாகி, ஜெட்டின் துளையில் உறைகிறது. நம் நாட்டில் பெட்ரோலுடன் எத்தனால் கலக்கப்படுவதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். 2022இல் இக்கலப்பு 10 விழுக்காட்டை எட்டியது. 20 விழுக்காடு கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமாகி, 2025இல் நாடெங்கும் பரவியது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. ஈரம் ஓர் எல்லையைத் தாண்டினால் நீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து தொட்டியின் அடியில் தங்கும். எஞ்சினுக்குச் செல்லும் குழாயோ அந்த அடியிலிருந்தே தொடங்குகிறது. மேலும், 1 பங்கு எத்தனால் எரிய 9 பங்கு காற்றே போதும். எனவே, 20 விழுக்காடு கலந்த பெட்ரோலுக்கு வேண்டிய காற்று ஏறத்தாழ 13.5 பங்காகக் குறைகிறது. தூய பெட்ரோலுக்கு அளவெடுத்த பழைய ஜெட்டில் இதனை ஊற்றினால், கலவை இயல்பாகவே சற்று மெலியும். நல்ல நிலையிலுள்ள எஞ்சின் இதைப் பொறுத்துக்கொள்ளும். ஏற்கெனவே பாதி அடைபட்ட ஜெட்டுள்ள எஞ்சின் பொறுக்காது.

இனித் தேடும் வரிசையைச் சொல்கிறேன். எளியதிலிருந்து அரியதற்குச் செல்வதே முறை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, எஞ்சினை ஓட்டிப் பார்த்த பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். மூன்றை ஒருங்கே மாற்றிவிட்டு எஞ்சின் சரியாகிவிட்டாலும், எதனால் சரியாயிற்று என்பது தெரியாது. அடுத்த ஆண்டு அதே இருட்டில் நிற்போம்.

முதலாவது, பெட்ரோல். பழையதை முழுவதும் வடித்துவிட்டு, எஞ்சினைச் செய்தவர் குறித்துள்ள அளவில் எண்ணெய் கலந்த புதிய பெட்ரோலை ஊற்றுங்கள். எண்ணெய் அளவை ஊகத்தால் தீர்மானிக்கலாகாது. 50க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி. 25க்கு 1 என்றால் லிட்டருக்கு 40 மில்லி.

இரண்டாவது, பெட்ரோல் வரும் வழி. தொட்டியின் மூடியில் காற்று உட்புக ஒரு சிறு துளை உண்டு. அது தூசியால் அடைபட்டால், பெட்ரோல் இறங்க இறங்க உள்ளே அழுத்தம் குறைந்து, ஓட்டம் நின்றுவிடும். மூடியைச் சற்றே தளர்த்திய நிலையில் எஞ்சின் நன்றாக ஓடினால், குற்றம் அத்துளையில்தான். பிறகு, கார்புரேட்டருக்கு வரும் குழாயைக் கழற்றி ஒரு குப்பியில் விட்டுத் திறப்பைத் திறந்து பாருங்கள். தங்கு தடையின்றி ஒழுக வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால், திறப்பிலோ குழாயின் வடிகட்டியிலோ அடைப்பு உள்ளது.

மூன்றாவது, காற்று வடிகட்டி. இதைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. வடிகட்டி அழுக்கடைந்தால் காற்று குறையும். காற்று குறைந்தால் கலவை செறியும். அது சோக்கை இழுத்தது போன்ற நிலையே. ஆகவே, அழுக்கான வடிகட்டி நாம் தேடும் நோய்க்குக் காரணம் ஆகாது. அதைத் தூய்மை செய்வது நல்லதே. ஆனால், தூய்மை செய்தவுடன் எஞ்சின் முன்னிலும் மோசமாக ஓடினால் திகைக்க வேண்டா. அழுக்கு இதுவரை மறைத்துவந்த மெலிவு வெளிப்பட்டது என்று கொள்ளலாம். வடிகட்டியே இல்லாமல் ஓட்டுவது மெலிவையும் கூட்டும். தூசியையும் உள்ளே விடும்.

நான்காவது, கார்புரேட்டர். திறப்பதற்கு முன் எஞ்சினின் நடத்தையைக் கவனியுங்கள். மெதுவாக ஓடும்போது மட்டும் தடுமாறி, ஆக்ஸிலேட்டரைக் கூட்டினால் நன்றாக ஓடுகிறதா? அப்படியானால், மெது ஓட்டத்துக்குப் பெட்ரோல் தரும் ஸ்லோ ஜெட்டை ஐயுறுங்கள். மெது ஓட்டம் சரியாக இருந்து, முழு வேகத்தில் மூச்சுத் திணறுகிறதா? மெயின் ஜெட்டையும், கிண்ணத்துக்கு வரும் பெட்ரோலின் அளவையும் பாருங்கள். வேகம் தானே ஏறுவதும் இறங்குவதுமாக இருந்து, ஆக்ஸிலேட்டரை விட்ட பின்னும் வேகம் உடனே தணியாமல் நிற்கிறதா? காற்றுக் கசிவைத் தேடுங்கள். இவை முடிவான தீர்ப்புகள் அல்ல. எங்கே முதலில் கை வைக்க வேண்டும் என்று காட்டும் குறிகள்.

ஜெட்டைத் தூய்மை செய்வதில் பெரும் கவனம் வேண்டும். ஸ்லோ ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டருக்கும் குறைவானது. கார்புரேட்டர் தூய்மைக்கென்று விற்கும் திரவத்தில் ஊற வைத்து, காற்றைச் செலுத்தி அடைப்பை நீக்க வேண்டும். ஊசியையோ இரும்புக் கம்பியையோ நுழைத்துக் குத்தக் கூடாது. பித்தளை மென்மையானது, துளை பெரிதாகிவிடும். 0.40 மில்லிமீட்டர்த் துளை 0.44 ஆகப் பெருத்தால் வளர்ச்சி சிறிதாகத் தோன்றும். ஆனால், துளையின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. கணக்கிட்டால் 21 விழுக்காடு கூடிவிடுகிறது. அத்துடன் அந்த ஜெட்டின் பயன் முடிந்தது.

மற்றொரு பழக்கத்தை இங்கே கடுமையாகக் கண்டிக்க வேண்டியுள்ளது. ஜெட்டை வாயில் வைத்து ஊதுவதும், பெட்ரோலைக் குழாய் வழியே வாயால் உறிஞ்சுவதும் நம் ஊர்களில் சாதாரணமாக நடக்கின்றன. பெட்ரோல் நுரையீரலுக்குள் சென்றால் உயிருக்கே ஆபத்து. தெளிப்பானிலோ, பெட்ரோலுடன் பூச்சி மருந்தும் படிந்திருக்கும். எஞ்சினை முதலில் துடைத்துத் தூய்மை செய்து, கையுறை அணிந்த பின்னரே கழற்றத் தொடங்க வேண்டும். ஊதுவதற்குச் சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பு போதும். காற்றடிக்கும்போது கண்களுக்குக் கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள்.

கலவையைச் சரிசெய்யும் சிறு திருகைத் தொடுமுன், அதனை மெல்ல உள்ளே திருகி, எத்தனை சுற்றில் அமர்கிறது என்று எண்ணி, ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தேவையானால் பழைய நிலைக்கே திரும்பிவிடலாம். சில கார்புரேட்டர்களில் இத்திருகு காற்றையும், சிலவற்றில் பெட்ரோலையும் அளக்கிறது. ஆதலால், எத்திசையில் திருகினால் செறியும் என்பது கருவிக்குக் கருவி மாறும். நில உயரமும் இங்கே சிறிது கணக்கில் வரும். ஓசூர் கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காவேரிப்பட்டினம் ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்தில். மேட்டில் காற்று நெகிழ்ந்திருப்பதால் கலவை சற்றுச் செறிகிறது. அங்கே பெட்ரோலைக் குறைத்துத் திருகிய எஞ்சினைக் கீழே கொண்டுவந்தால் அது சற்று மெலிந்து ஓடலாம். வேறுபாடு சிறியது, ஆயினும், வேறு குறை ஒன்றும் இல்லாத எஞ்சினில் திருகைக் கால் சுற்று மாற்றிப் பார்க்க இது போதிய காரணம்.

சாய்த்துப் பிடித்து வேலை செய்யும் களைவெட்டிகள் பலவற்றில் பெட்ரோல் கிண்ணம் இருப்பதில்லை. கிண்ணத்துக்குப் பதிலாக மெல்லிய சவ்வு ஒன்று பெட்ரோலை அளந்து விடுகிறது. ஆண்டுகள் சென்றால் அச்சவ்வு விறைத்துவிடும். அப்போது எவ்வளவு கழுவினாலும் பயனில்லை; புதிய சவ்வு போடுவதே வழி.

ஐந்தாவது, காற்றுக் கசிவு. கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் இடையே ஒரு ரப்பர்க் குழாயோ கேஸ்கட்டோ இருக்கும். எஞ்சினின் அதிர்வினால் திருகுகள் தளரும். வெப்பத்தால் ரப்பர் வெடிக்கும். முதலில் திருகுகளை இறுக்கிப் பாருங்கள். பின்பு, எஞ்சின் மெதுவாக ஓடும்போது அவ்விணைப்புகளின் மேல் சோப்பு நீரைச் சிறிது சிறிதாக விடுங்கள். பிளக் கம்பியிலும் காற்று வடிகட்டியிலும் நீர் படலாகாது. இடுக்கு இருந்தால் நுரை உள்ளே இழுபடும்; எஞ்சினின் ஓசையும் ஒரு கணம் மாறும். சிலர் இச்சோதனைக்குப் பெட்ரோலையே தெளிக்கிறார்கள். சூடான எஞ்சினின் மேல் பெட்ரோல் தெளிப்பது தீயை அழைப்பதாகும். டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் சுழல்தண்டின் இருபுறமும் உள்ள ஆயில் சீல் தேய்ந்தாலும் காற்று நுழையும். இது வெளியிலிருந்து தெரியாது. மற்ற யாவும் சரியாக இருந்தும் நோய் தீரவில்லையென்றால், சீலைச் சோதிக்கும் கருவியுள்ள பட்டறைக்குக் கொண்டு செல்வதே அறிவுடைமை.

வேலை முடிந்ததா என்பதற்குப் பிளக்கே சான்று கூறும். சிறிது நேரம் முழுச்சுமையில் ஓட்டி நிறுத்தி, ஆறிய பின் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். அதன் முனை வெளுத்திருந்தால் கலவை இன்னும் மெலிவு. கரி படிந்து கறுத்திருந்தால் செறிவு. இளம் பழுப்பாக இருந்தால் சரி. சோக்கை முழுவதும் தள்ளிய நிலையில் எஞ்சின் மெதுவாகவும் விரைவாகவும் சீராக ஓட வேண்டும்.

இவ்வேலைகளை எல்லாம் திறந்த வெளியில் செய்ய வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து சென்று, தொலைவிலுள்ள அடுப்பையும் பீடி நெருப்பையும் தேடிப் பிடிக்கும். மூடிய அறையில் எஞ்சினை ஓட்டினால், புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு என்னும் நஞ்சு நிறமும் மணமும் இன்றி உயிரைப் பறிக்கும்.

நோய் தீர்ப்பதைவிட நோய் வராமல் காப்பது எளிது. பருவத்தின் கடைசித் தெளிப்பு முடிந்த நாளில், கருவியைக் கழுவி, தொட்டியிலுள்ள பெட்ரோலை வடித்துவிடுங்கள். பிறகு எஞ்சினை ஓடவிட்டால், கார்புரேட்டரில் எஞ்சியதும் தீர்ந்து தானே நின்றுவிடும். கிண்ணத்தின் அடியில் வடிதிருகு இருந்தால், அதையும் திறந்து கடைசித் துளியை வெளியேற்றுங்கள். வடித்த பெட்ரோலை வீணாக்க வேண்டியதில்லை. எண்ணெய் கலந்ததாதலால், எண்ணெய் கலந்து ஓடும் வேறொரு கருவியில் அந்த வாரமே பயன்படுத்திவிடலாம். பத்து நிமிடத்தில் முடியும் இவ்வேலையைச் செய்து வைத்தவருக்கு, அடுத்த மார்கழியில் பூங்கொத்து வெளிவரும் நாளன்று ஜெட்டில் பிசின் இருக்காது.

சோக்கை ஓர் ஊன்றுகோலாக நாம் வைத்துக்கொள்கிறோம். நோயிலிருந்து எழுந்தவன் இரண்டடி நடக்க ஊன்றுகோல் உதவும். காலில் முள் தைத்திருப்பவனுக்கோ முள்ளை எடுப்பதே மருந்து. உங்கள் வீட்டு எஞ்சின் சூடேறிய பின்னும் சோக்கைக் கேட்டால், பெட்ரோல் எங்கே குறைகிறது, காற்று எங்கே புகுகிறது என்னும் இரு கேள்விகளைக் கேளுங்கள். வீட்டுப் பிள்ளைகளையும் அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள். அழுத்தமும் ஆவியும் வர்க்கமும் பாடநூலில் மட்டும் வாழ்பவை அல்ல என்பதை அவர்கள் தம் கையால் தொட்டு அறிவார்கள்.